கட்டு அவிழ்ப்பதற்கு முன்

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். கால் விரலில் சின்னக் காயம். கட்டுப் போட்ட பெண் என் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தோழியிடம் கல்யாணப் புடவை பற்றிப் பேசிக்கொண்டே பஞ்சை வைத்து அழுத்தினாள். எனக்கு எரிச்சல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது மருந்து பாட்டிலைத் திறந்தாள். அந்த நெடி என்னைப் பழைய கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிற்று. அங்கே நானும் இதே லட்சணத்தில்தான் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஆஸ்பத்திரியில் நான் டிரெஸர், புண்ணைக் கழுவிக் கட்டுகிறவன். எஸ்டேட் ஆட்கள் ‘ஐயா’ போட்டுக் கூப்பிடுவார்கள். எனக்கோ வேலை கசந்தது. ரயில்வேயில் கிராணியாகி, குமாஸ்தாவாக மேசை முன் உட்கார்ந்து எழுதவேண்டும் என்று ஆசை. கை இங்கே புண்ணைக் கழுவும். மனசு கோலாலம்பூர் ரயிலில் ஏறியிருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தார் காத்தமுத்து. மாட்டுவண்டி ஓட்டுகிறவர், கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நாலு மாதம் கிடந்தார். கஞ்சியில் உப்பில்லை, கட்டில் கிறீச்சிடுகிறது, பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடுகிறான் என்று தினமும் ஒரு புகார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கட்டை அவிழ்க்கும் முன் நான் “முருகா” என்று சொல்லவேண்டுமாம். இல்லாவிட்டால் காலை நீட்டமாட்டார்.

“நீங்களே சொல்லிக்கிங்களேன் அண்ணே.”

“கழுவப் போறது உங்க கையா, என் கையா? நீங்கதான் சொல்லணும்.”

அம்மா காய்ச்சலில் போனதிலிருந்து எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் இருபது பேர் கட்டுக்குக் காத்திருக்கும்போது இவரோடு மல்லுக்கட்ட முடியுமா? ‘முர்கா’ என்று காறித் துப்புவதுபோலச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலை, ரயில்வேயிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. சட்டைப் பையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வார்டுக்குள் நுழைந்தேன். காத்தமுத்து கஞ்சிப் புகாரில் மூழ்கி, தன்னை மறந்து காலை நீட்டியிருந்தார்; கட்டை அவிழ்த்தேன், பாட்டிலை எடுத்தேன், சாய்க்கப் போனேன். அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இன்னும் சொல்லலையே!”

வந்த கோபத்தில் பாட்டிலை ஓங்கி மேசையில் வைத்தேன். அப்போதுதான் அதன் சிவப்புச் சீட்டு கண்ணில் பட்டது. தண்ணீர் கலக்காத கார்பாலிக் அமிலம். ஊற்றியிருந்தால் சதை வெந்து, அந்தக் கால் போயிருக்கும்.

சரியான பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“தண்ணி புடிக்க இவ்ளோ நேரமா?” என்றார் அந்த மகராசன். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை, பயம்.

அன்று ‘முருகா’ என்று முழுசாகச் சொன்னேன். சொல்லும்போதே புண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. எத்தனை நாளாக வந்துகொண்டிருந்ததோ! முருகன்தான் காப்பாற்றினான் என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்றும் தைரியமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னால் மனசு ரயிலிலிருந்து இறங்கி, என் கை இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். எனக்குக் கிடைத்த பக்தி அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எடுக்கவில்லை. காத்தமுத்துவோ கால் ஆறியதும், நான் லீவில் இருந்த நாளாகப் பார்த்துச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அந்தப் படுக்கைக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு சீனர் வந்தார். பழக்கத்தில் ‘முருகா’ என்றுவிட்டேன். அவர் மிரண்டு, இவன் என்ன சொல்கிறான் என்று வார்டு ஆளிடம் மலாய் மொழியில் கேட்டார். “செம்பாயாங் லா” என்றான் அவன், சாமி கும்பிடுகிறார் என்று. சீனர் சற்று யோசித்துவிட்டுக் காலை நீட்டினார்.

அந்த மரத்தூண் வார்டை இடித்துவிட்டார்கள். கிள்ளான் சாலையில் மாட்டுவண்டிகள் போய் லோரிகள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட புண்ணையும் இப்போது காணோம்; அது தொலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. காத்தமுத்துவைப் பற்றி மட்டும் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஒருவர் சொன்னார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்துப்போன அந்தச் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் சேர்த்தபோது, யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லையாம். நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி, தானே நடந்து போய் லோரியில் ஏறினாராம்.