ஆணையம் தர மறுத்த கடிதம்

பெருமாநல்லூர் பக்கம் எங்கள் கிணற்றில் ஒரு வாரம் தண்ணீர் சிவப்பாக வரும், மறு வாரம் நீலமாக வரும். பக்கத்துச் சாயப்பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டறையைச் சோதனை செய்யும் அலுவலகத்தின் கண்ணில் மட்டும் அந்த நிறம் படவே இல்லை. தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிதில், சோதனை அறிக்கையின் நகல் கேட்டு எழுதினேன். 'வணிக ரகசியம், தர இயலாது' என்று பதில் வந்தது. என் வாளியில் கிடக்கும் ரகசியத்தை என்னிடமே மறைக்கிற அந்த மூளைக்கு மாலைதான் போட வேண்டும்.

சென்னையில் இருந்த தகவல் ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்தேன். மனு என்றால் கையில் கனக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ரேஷன் கார்டு, பத்திரம், கிணற்றின் போட்டோ என்று அகப்பட்டதையெல்லாம் இணைத்தேன். கூடவே ஒரு கடிதத்தையும் வைத்தேன். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த தென்காசிப் பக்கத்துப் பெண் எழுதியது. அந்தப் பட்டறையில்தான் அவளுக்கு வேலை. மழை பிடித்ததும் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள் என்று எழுதி, அடியில் தன் பெயரையும் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். அதை அப்படியே அனுப்பினேன். நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

ஆணையம் உத்தரவு போட்ட பிறகு அறிக்கை வந்தது. 'தண்ணீர் தெளிவாக உள்ளது' என்று ஒரே வரி. இதற்குத்தான் அத்தனை ரகசியம்!

பட்டறை மேல் திருப்பூர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். போட்டவன் சும்மா இருந்திருக்கலாம். வக்கீல் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், 'உள்ளே வேலை செய்பவரே எழுதித் தந்த கடிதம் ஆணையத்திடம் இருக்கிறது' என்று மனுவில் மார்தட்டிக்கொண்டேன். முதலாளி விடுவாரா? ஆணையத்தின் கோப்பை முழுதாக வரவழைக்க வேண்டும் என்று அவர் தரப்பில் உடனே மனு போட்டார்கள்.

"ஏனுங்க, நாந்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னனுங்களே," என்றார் வக்கீல். "பேரு தெரிஞ்சா அந்தப் புள்ளைய அன்னைக்கே வெளிய தள்ளீருவாங்க. வேற பட்டறையிலயும் சேத்திக்க மாட்டாங்க."

எல்லாவற்றையும் திறந்து காட்டு என்று ஊரெல்லாம் கத்திய ஆள், ஆணையம் எதையும் திறந்துவிடக் கூடாதே என்று அவிநாசிக் கோயிலில் போய் நின்றேன். என்னைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஆணையம் கோர்ட்டுக்குப் பதில் எழுதியது. மேல்முறையீட்டை விசாரிப்பதற்காக வந்த காகிதங்களை வேறொரு வழக்குக்குக் கொடுக்கும்படி தன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, கொடுத்தால் நாளை யாரும் நம்பி எதையும் அனுப்ப மாட்டார்கள் என்றது. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே லைன் வீட்டுக்கு ஓடினேன். என்னவோ நானே அவளைக் காப்பாற்றிவிட்டதுபோல நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அதுவரை அவளுக்கு எதுவுமே தெரியாது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"முன்னப்பின்ன தெரியாதவுக எம்பேர வெளிய சொல்லமாட்டோம்னுட்டாக. நா ஒங்கள நம்பித்தான அண்ணாச்சி எழுதிக் குடுத்தேன்?"