ஆறாம் மாதத்துப் புத்தாண்டு

எங்களுக்கெல்லாம் வயது கூடுவது பிறந்த நாளில் இல்லை, புத்தாண்டில்தான். ஹோரெக்கி ஒன்பதாம் வருஷம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு வயது கூடியது. நம்புகிறவர்கள் நம்பட்டும். எதிர்க்கடையில் காகிதக் குடை ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அந்தக் கூத்தில் உருப்படியாக எதையாவது சாதித்தது ஒருத்திதான். சோயா வடிக்கும் மொகுபெய் வீட்டில் அடுப்படி வேலை செய்த ஓகுமே.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரி. புருஷன் போனபின், நாலு வயது மகள் சுயேயை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வேலைக்கு எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். "எங்க வீட்ல மூணு புத்தாண்டு சூப் குடிச்சிட்டு நீ பாட்டுக்குப் போ" என்றார் மொகுபெய். நடுவில் ஓடினால் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் போகும். அதனால் இருந்தாள். இரண்டு புத்தாண்டு கழிந்தது.

அந்தக் கோடையில் பொதிக்குதிரைக்கார ஹிகோசோ ஒரு சேதி கொண்டுவந்தான். முன்னோருக்கு விளக்கேற்றும் போன் பண்டிகை முடிந்ததும், அண்ணி சுயேயைக் கடற்கரை உப்பு வியாபாரிக்குத் தத்துக் கொடுக்கப்போகிறாளாம். போக விடச் சொல்லி ஓகுமே மொகுபெய் காலில் விழுந்து கேட்டாள்.

"இன்னும் ஒரு புத்தாண்டு பாக்கி இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் சோயாத் தொட்டியைக் கிண்டப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் நல்ல குடை ஒன்று கிழிந்தது.

அப்போதுதான் அந்த வதந்தி வந்தது. எங்கிருந்து கிளம்பியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்காத ஆளும் இல்லை. அடுத்தது டிராகன் வருஷம், கொள்ளைநோய் வருஷமாம். இப்போதே புத்தாண்டைக் கொண்டாடிவிட்டால் அந்த வருஷம் சீக்கிரம் வந்து சீக்கிரம் தொலைந்துவிடுமாம். மொகுபெய்க்கு அப்போது நாற்பத்தொன்று. ஆண்களுக்கு ஆகாத வயதான நாற்பத்திரண்டு, சரியாக டிராகன் வருஷத்தில் வந்து நிற்கிறது. மனிதர் விடுவாரா?

ஆறாம் மாதம், சில்வண்டு காதைப் பிளக்கிறது, அவர் வாசலில் புத்தாண்டுக்குக் கட்டும் பைன் கிளையைக் கட்டினார். வேர்வை சொட்டச் சொட்டப் பசையரிசி இடித்து உருண்டை பிடிக்க வைத்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் புத்தாண்டு வாழ்த்து வேறு. என் கடைக்கும் வந்தார்.

"எனக்கு நாப்பத்திரண்டு ஆயிடுச்சுக்கா. பனி விழறப்ப நாப்பத்திமூணு. கண்டம் பாதி தாண்டியாச்சு."

உருண்டை போட்ட சூப்பை எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாகத் தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள் ஓகுமே. நிதானமாகக் குடித்தாள். பிறகு மூட்டையோடு வாசலுக்கு வந்தாள்.

"முதலாளி, மூணாவது சூப்பும் குடிச்சிட்டேன். கெளம்புறேன்."

"என்னம்மா வெளையாடுறியா? இது சும்மா சாங்கியத்துக்கு. நெசப் புத்தாண்டு பனிக்காலத்துலதான்."

"அப்ப முதலாளிக்கு இன்னும் நாப்பத்தொண்ணுதான். சரி, நான் இருக்கேன். டிராகன் வருஷத்துல உங்களுக்குக் கஞ்சி காச்சி ஊத்த ஆளு வேணும்ல."

மொகுபெய் பைன் கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. இது புத்தாண்டா, இல்லியா?"

"கட்டுனது நீங்க. இல்லேன்னா அவுத்துருங்க."

அவர் கை கிளைவரை போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"போய்த் தொலை" என்றார். அவள் நாலடி வைப்பதற்குள் பின்னாலேயே ஓடி, மூட்டையில் உருண்டைகளைத் திணித்தார். "புத்தாண்டு அன்னிக்கு வெறுங்கையோட அனுப்பினா அது வேற எனக்குத்தான் ஆகாது."

மீதியைக் கூடவே போன ஹிகோசோதான் சொன்னான். அந்தக் கிராமத்துக்கு வதந்தி எட்டவே இல்லை. அண்ணி வாசலிலேயே, "பெத்தவளே வந்துட்டேல்ல, கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு வயிறு கொறையும்" என்று முடித்துவிட்டாள். ஆனால் சுயே பக்கத்திலேயே வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நான்தான்டி உன் அம்மா."

"இல்ல. எனக்கு ஆறு வயசுதான். ஏழு ஆனாத்தான் அம்மா வரும்."

பிள்ளையை விட்டுக் கிளம்பிய அன்று ஓகுமே அப்படிச் சொல்லித்தான் பிள்ளையின் அழுகையை நிறுத்தியிருந்தாளாம். முகம் மறந்துவிட்டது, கணக்கு மறக்கவில்லை. ஓகுமே வாதாடவில்லை. முற்றத்தில் கல் கூட்டி, கொளுத்துகிற வெயிலில் தீ மூட்டினாள். உருண்டைகளில் பூத்திருந்த பூஞ்சையைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சூப் காய்ச்சினாள்.

"இந்தா. புத்தாண்டு. குடி."

பிள்ளை வானத்தைப் பார்த்தது. பனியைக் காணோம். கிண்ணத்தை வாங்கி, ஊதி ஊதி அடிவரை குடித்தது.

"இப்ப எனக்கு ஏழா?"

"ஏழு."

அதற்குப் பிறகுதான் சுயே வந்து அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.