நூலால் அறுத்த களி

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் நண்பன் ரமணன் வீட்டில் சோளமாக் களி அடிப்பிடித்த வாசனை வந்தபோது, அப்பா கோப்பை கழுவிய இத்தாலியரின் ஐஸ்கிறீம் கடையும், குளிருக்கு அதைப் பூட்டிவிட்டு முதலாளியம்மா றோசினா எங்களையும் நத்தார் விடுமுறைக்குக் கூட்டிப்போகும் அவருடைய மலைக்கிராமமும் நினைவில் சேர்ந்தே வந்தன.

இத்தாலியின் வடக்கே, வெனெத்தோவின் மலைகள் அவை. மாலையில் பாறைகளெல்லாம் இளஞ்சிவப்பாகும் நேரத்தில் றோசினா அக்கா செப்புக் கிடாரத்தில் முக்கால் மணிநேரம் விடாமல் துழாவ, பொலெந்தா என்ற அந்த மஞ்சள் களி பொத்துப் பொத்தென்று கொதித்து, மரப்பலகையில் கொட்டியதும் ஆவி பறக்கப் பரவும். முதல் வருடம் அம்மா கத்தியோடு போனார். அக்கா அதைப் பறித்துவிட்டு ஒரு வெள்ளை நூலைக் கொடுத்தார். களியில் கத்தி படக்கூடாது என்பது அங்கே வழக்கம். அம்மா நூலால் அறுத்த துண்டின் மேல் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். அக்கா முகம் சுளிக்கவில்லை. அவர்களும் காய்ந்த மீனோடு அதைச் சாப்பிடுகிறவர்கள்தான்.

இப்போது அக்கா இல்லை. கடையில் கைபேசி விற்கிறார்கள், மலைவீட்டை யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள்.

ரமணன் கத்தியை எடுத்தான். நான் தடுத்து நூல் கேட்டேன்.

"இது ஆரின்ர வழக்கம்?"

"எங்கட ஊர் வழக்கம்."

"உன்ர ஊர் யாழ்ப்பாணமெல்லோ? இத்தாலி எப்பிடி உன்ர ஊராகும்?"

"இது என்ர ஊர் எண்டு சொல்ல நான் ஆரிட்டையும் அன்ட்ராக் படிவம் நிரப்பிக் குடுக்க ஏலாது. நூலைக் கொண்டு வா."