பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்ற மெஷின்

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு 'நிதானம் அண்ணன்' என்று பெயர். அந்த நிதானம் தவறியது ஒரே ஒரு தடவை. கூடவே வேலை பார்த்த சொந்தத் தம்பியை அத்தனை பேர் முன்னால் திட்டித் துரத்திவிட்டார். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஸ்கேன் படங்கள் ஆமை வேகத்தில் வருகின்றன என்று அன்று காலை சர்ஜன் எரிந்து விழுந்தார். படங்கள் இருப்பது வேறு ஊரில், ஒரு பெரிய மெஷினுக்குள் தனிக் கம்ப்யூட்டர் போலவே ஓடும் லினக்ஸ் மெஷினில். அதில் வேகமான நெட்வொர்க் கார்டு ஒன்றைத் தம்பி இங்கே வேலையில் இருந்தபோதே சேர்த்து வைத்திருந்தான். பழைய கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை மூடிவிட்டுப் புதியதை ஏற்றினால் போதும்.

நெட்வொர்க்கில் கை வைக்குமுன், பத்து நிமிடத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகச் சொல்லி வைப்பது அண்ணனின் வழக்கம். தப்பானால் பழையபடி எழுந்துவிடும். அன்றும் வைத்தார். புது டிரைவர் ஏறியதும் தொடர்பு அறுந்தது.

"பத்து நிமிஷம்தாம்மா, வந்துரும்," என்றார், ரெக்கார்டு ரூமில் இருந்த என்னிடம்.

வரவில்லை. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டார். சோதித்துப் பார்க்காமலே புது அமைப்பைச் சேமித்துவிட்டிருக்கிறார். எத்தனை முறை எழுந்தாலும் அதே தப்போடுதான் எழும்.

அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். மதியம் என்றிருந்த ஆபரேஷனை எங்களிடம் சொல்லாமலே முன்னுக்கு இழுத்திருந்தார்கள். மூளையில் கட்டி உள்ள நோயாளிக்கு மயக்கம் கொடுத்தாயிற்றாம், படம் எங்கே?

பெரிய மெஷின் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம். அதன் பாஸ்வேர்டு அண்ணனுக்கு ஞாபகம் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், ஒரு உயிருடா. பெரிய மெஷின் பாஸ்வேர்டு சொல்லுடா."

"எழுதிக்கண்ணா."

கோபமே இல்லாமல் சொன்னான். போட்டுப் பார்த்தார். செல்லவில்லை.

"நான் எதையும் மாத்தலண்ணா."

அப்போதுதான் அண்ணனுக்கு நினைவு வந்தது. "நாந்தான்டா மாத்தினேன். நீ போன அன்னிக்கு. நீ உள்ள வந்துரக் கூடாதுன்னு."

என்ன போட்டார் என்பது கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. மெஷினை வைத்திருக்கும் கம்பெனியோ சாயந்திரம் பார்க்கிறோம் என்றது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்த சர்ஜன், நோயாளியைத் தொடாமலே எழுப்பச் சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் நோயாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். யார் தடுத்தும் கேட்காமல் அண்ணனே போய் நின்றார்.

"ஆபரேஷன் நடக்கலம்மா. என் தப்பு."

அந்த அம்மா திட்டவில்லை. "பயந்துக்கிட்டிருந்தவர ஆறு மாசம் கெஞ்சி இன்னிக்குத்தான் ஆபரேஷனுக்குப் படுக்க வெச்சேன்," என்றார். "இனிமே அவர எப்படிங்க கூட்டிட்டு வருவேன்?"