குளிர்ப்பெட்டியில் தொங்கிய கம்பி

காலை எட்டேகால் மணிக்குக் குளிர்ப்பெட்டியைத் திறந்த அனுப்ரியா கதவைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். மெமரி கார்டின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டிய வெப்பமானிக் கம்பி, டேப் பிய்ந்து, குளிர்காற்று வரும் வாயருகே தொங்கிக்கொண்டிருந்தது.

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையிலுள்ள அந்தக் கம்பெனி ஆலை இயந்திரங்களுக்கும் ரயில் சிக்னல்களுக்கும் மெமரி கார்டுகள் செய்கிறது. மைனஸ் நாற்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, தேறியவற்றுக்குக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மார்டள்ளியில் மரவள்ளி போடும் வீட்டில் பிறந்து, கொள்ளேகாலில் ஐ.டி.ஐ. முடித்து, பத்தொன்பது வயதில் இங்கே வந்து சேர்ந்தவள். சேர்ந்த நாளில் இந்தப் பெட்டியின் உறுமலுக்கே பயந்தாள். ஆறு வருஷத்தில் அந்தப் பயம் போய்விட்டிருந்தது.

கம்பி காற்றில் தொங்கினால் பெட்டி ஏமாந்துபோகும். கார்டு உறையும் முன்பே குளிர்ந்துவிட்டதாக நினைத்து நேரத்தை எண்ணத் தொடங்கிவிடும். அப்படியானால் நேற்று அவள் கையெழுத்திட்ட நூற்றெண்பது கார்டுகள்? அவை பனிமலை ரயில்பாதை ஒன்றின் சிக்னல் பெட்டிகளுக்கானவை. நேற்று மாலையே வண்டி ஏறிவிட்டன.

பக்கத்து மேசை ஸ்வாதியிடம் மட்டும் சொன்னாள்.

"சும்மனிரு அனு. யாருக்குக் கொத்து, யாருக்குத் தெரியப்போகுது? நீயா போய் மாட்டிக்காதே," என்றாள் ஸ்வாதி, கன்னடமும் தமிழுமாக.

சும்மா இருந்து பார்த்தாள். கேன்டீனில் களி உருண்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். பனிமூட்டத்தில் சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிவதும், ஜன்னலோரம் யாரோ தூங்கிக்கொண்டு வருவதும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. வேலை போகும், போலீஸ் வரும், ஊரில் அப்பா தலைகுனிவார். இவ்வளவையும் யோசித்த பிறகும் அந்த ரயில்தான் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு மணிக்குத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பத்மாஸினியின் அறைக்குள் போய் நின்றாள். மேல்கோட்டைக்காரர், அதிர்ந்து பேசாதவர். அதுவே அனுப்ரியாவை இன்னும் பயமுறுத்தியது.

"மேடம், தப்பு நடந்துபோச்சுங்க. கம்பி கழண்டு தொங்குதுங்க. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

பத்மாஸினி பேனாவைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து தொங்கறது?"

"தெரியலீங்க. கடைசியா ஒட்டினது வெள்ளிக்கிழமைங்க."

"அப்போ சனிக்கிழமை போன லாட்டும் சந்தேகந்தான்."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றைய வண்டி பெங்களூரு கிடங்கில் நின்றிருந்தது. சரக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மறுபடி குளிரில் வைத்ததில் பதினொரு கார்டுகள் எழுதி வைத்ததை மறந்துபோயின. அந்தப் பதினொன்றையும் பார்த்த பிறகு அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. சனிக்கிழமைச் சரக்கோ அந்த ரயில்பாதைக்காரர்களிடமே போய்ச் சேர்ந்திருந்தது. கம்பெனி நடந்ததை ஒளிக்காமல் அவர்களுக்கு எழுதிப்போட்டது. பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் செய்தியில் ரயில் என்ற சொல் காதில் விழுந்தாலே கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் பத்மாஸினியே அவள் மேசைக்கு வந்தார். "இன்னும் ஒண்ணும் பொருத்தலையாம். எல்லாத்தையும் திருப்பி அனுப்பறா."

அனுப்ரியாவுக்கு அழுகைதான் வந்தது.

மெமோ கொடுத்தார்கள். மூன்று மாதம் பேக்கிங்கில் போட்டார்கள். பிறகு பழைய இடத்துக்கே வரச்சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொல்லவில்லை. இப்போது பெட்டியில் இரண்டு கம்பிகள். மூடும் முன் இரண்டையும் இழுத்துப் பார்ப்பாள். மூடிய பிறகும் சந்தேகம் வந்து, திறந்து இன்னொரு தரம் பார்ப்பாள். ஸ்வாதி சிரிப்பாள். அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வருவதில்லை.