பத்தாவது ஆள்

மாசாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆண்பிள்ளையே கிடையாதாம், பால் வெட்டுகிற அத்தனை பேரும் கைக்குழந்தைக்காரிகளாம் என்று பொந்தியானில் ஒரு பேச்சு கிளம்பியது. கபீர் காப்பிக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர்க் கோளாறு என்றார் ஒருவர், சாபம் என்றார் இன்னொருவர். கோத்தா திங்கியிலிருந்து கலியாணமாகாத இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று, தகரப்பெட்டியோடு அந்தத் தோட்டத்தில் போய் இறங்கி வேலை கேட்டதாகவும் கேள்வி.

விசாரித்ததில் தகரப்பெட்டி சங்கதி நிஜம். மற்றது கல்லூரியில் நிரூபிக்கப்பட்டது, ஆகவே கொஞ்சம் சந்தேகம்.

நிரூபித்தவர் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி சதாசிவம். நாற்பது வயது, நறுக்கிய மீசை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற சுபாவம். ரப்பர் விலை தரையைத் தட்டிய சமயம் அது. ஆட்கள் பாலைக் குறைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று துரைக்கு ஓயாத சந்தேகம். ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு கொண்டுவர முடியும் என்று விஞ்ஞானப்படி தெரிந்துவிட்டால், அதற்குக் கீழே நிற்கிறவர்களுக்கெல்லாம் அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியோடு அனுப்பிவிடலாம். ஆகவே சனிக்கிழமைதோறும் சதாசிவம் பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஒரு மாலைக் கல்லூரியில் புள்ளிவிவரப் பாடம் படிக்க வேண்டும் என்று உத்தரவு. தேறினால் பெரிய கிராணி உத்தியோகம், மேட்டுப் பலகை வீடு. அந்த வீட்டில் கோழிகளை எந்தப் பக்கம் அடைப்பது என்றுகூட அவர் மனைவி செல்வராணி முடிவு செய்துவிட்டாள்.

ஆசிரியர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரையும் எண்ணத் தேவையில்லை, பத்துக்கு ஒருவரை எடுத்தால் போதும் என்று ஆரம்பித்தார். "முகத்தைப் பாத்து ஆளைப் பொறுக்கக் கூடாது, காணும். முகம் பாத்தால் பட்சபாதம் வந்திடும்."

சதாசிவம் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில், குனிந்த தலை நிமிராமல் கால்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனார். பத்தாவது ஆளிடம் நின்றார்.

"என்னங்க கிராணியாரே, என் காலுல பொன்னா பூத்திருக்கு?" என்றாள் கருப்பாயி.

"எத்தன பிள்ளைங்க?"

"ஒண்ணு ஆயாக் கொட்டகையில கத்துதே, கேக்கலையா?"

"நேத்து எவ்வளவு பால்?"

"எந்தப் பாலச் சொல்றீங்க?"

வரிசையே சிரித்தது. சதாசிவம் சிரிக்கவில்லை. பட்சபாதம் வந்துவிடும் அல்லவா.

முப்பது பேரை எழுதினார். முப்பதும் பெண்கள், முப்பது பேருக்கும் கைக்குழந்தை. ஆளுக்கு ஆள் பால் ஏறக்குறைய ஒரே அளவு, சராசரி படு குறைவு. தினம் எத்தனையோ மீசைகளுக்குப் பேர் கூப்பிடுகிற மனிதர்தான். ஆனால் கண்ணை நம்பாதே, எண்ணிக்கையை நம்பு என்றல்லவா பாடம்! துரை கடைசி வரியிலிருந்த சராசரியை மட்டும் படித்தார். "இவ்வளவுதானா?" என்று பெருமூச்சு விட்டு, அதையே அளவாக வைத்தார். அன்றிலிருந்து தோட்டத்தில் ஒருவருக்கும் அரைப்பேர் விழவில்லை.

"அலமாக்! படிப்புன்னா இதுல்ல படிப்பு!" என்று வியந்தார் கங்காணி ஐயாசாமி.

அட்டவணை வகுப்புக்குப் போனது. அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"உம்மட தோட்டத்திலை ஆம்பிளையளே இல்லையோ?"

பின்வரிசையில் பொந்தியான் கிராணி ஒருவர் இருந்தார். ஊருக்குப் போய் அட்டவணையை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். அவர் பொய் சொன்னதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"எங்கையோ பிழைச்சிருக்கு. திருத்திக்கொண்டு வாரும், சான்றிதழ் தாறன். துரைக்கும் ஒரு பிரதி நானே அனுப்பிவிடுறன்" என்றார் அம்பலவாணர்.

அடுத்த பெரட்டில் சதாசிவம் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஐயாசாமி ஆட்களைப் பத்துப் பத்தாக நிறுத்துகிறவர். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி இடம், பத்தாவது இடம், இன்னும் காலியாக இருந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவருகிற தாய்க்கான இடம் அது. அங்கே நிற்பவளுக்கு மரம் குறைத்துக் கொடுத்து, மிச்ச மரங்களை மற்ற ஒன்பது பேரும் பகிர்ந்துகொள்வார்கள். துரைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வழக்கம் இருந்திருக்காது.

வரிசைக்கு வரிசை ஏழாவது ஆளை எடுத்து எண்ணினால் ஆண்களும் வருவார்கள், சராசரியும் ஏறும். ஏறினால், கருப்பாயி முதல் வெள்ளையம்மா வரை, கடைசி இடத்துக்காரிகள் அத்தனை பேருக்கும் அரைப்பேர். இதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. சதாசிவத்துக்கு அது நின்ற இடத்திலேயே விளங்கியது.

கருப்பாயி மூச்சிரைக்க வந்து நின்றாள். "இன்னிக்கி எண்ணலையா கிராணியாரே? என்னைய எழுதுன நேரம், எல்லாருக்கும் முழுப்பேரு கெடைக்குது. இன்னொரு வாட்டி எழுதிக்குங்களேன்."

"வேணாம்மா. ஒரு வாட்டி எழுதுனதே போதும்."

வீட்டில் செல்வராணி கேட்டாள்: "தேறியாச்சா?"

"ஒரு அட்டவணை பாக்கி."

"முன்னூறு பேர எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"எண்ணிட்டேன். அதான் குடுக்கல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சோற்றைப் போட்டாள். கொஞ்சம் ஓங்கித்தான் போட்டாள்.

துரையிடம், "பாடம் மண்டையில ஏறல, துரை" என்று ஒப்புக்கொண்டார். துரைக்கு அதில் ஆச்சரியமே இல்லை, பழைய அளவை மாற்றவும் தோன்றவில்லை. மேட்டு வீட்டுக்கு மலாக்காவிலிருந்து வேறொருவர் பெரிய கிராணியாக வந்து சேர்ந்தார்.

அம்பலவாணர்தான் விடுவதாக இல்லை. தவணைக்கு ஒரு அஞ்சலட்டை வருகிறது: 'அட்டவணை எங்கே?' சதாசிவமும் மரியாதை தவறாமல் பதில் போடுகிறார்: 'அடுத்த மாதம், ஐயா.'