கட்டு நனையக் கூடாது

நேற்று என் பையன் வாசல் சிமெண்டுத் தரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். டிங்க்சர் அயோடின் புட்டியை எடுப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புட்டியை எடுத்த பிறகு, புட்டியைத் தொட்ட கை சுத்தமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அவன் மண்ணில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். இப்படித்தான் நான். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள் என்று பெயர்.

அந்த மருந்து நெடி என்னைத் தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூருக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் புகுந்த வீடு அங்கேதான், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். அவ்வளவு நீளம், அவ்வளவு இருட்டு. அந்த வீட்டில் வாசனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காப்பி, அப்புறம் சந்தனம், அப்புறம் கற்பூரம். ஒரு வருஷம் மட்டும் அந்த வரிசையில் ஐடோபாரம் வந்து சேர்ந்துகொண்டது. புண்ணுக்குத் தூவும் மஞ்சள் பொடி. அதை முகர்ந்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

புண் என் மாமியாருக்கு. குளத்துப் படியில் இடறிக் கால் பெருவிரலில் அடி. அவருக்கு நீரிழிவு, ஆறவில்லை. டாக்டர் கீறிவிட்டு, தினம் கட்டு மாற்ற ஒரு டிரஸ்ஸரை அனுப்பினார். பொன்னுசாமி என்று பெயர். மீர்சாகிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கட்டு நனையக் கூடாது என்பது டாக்டரின் ஒரே கட்டளை.

அந்தக் கட்டளை நடக்காத வீடு அது. மாமனார் காலமான பிறகு மாமியாருக்கு மடி ஆசாரம் இன்னும் கூடிப்போயிருந்தது. பொன்னுசாமி காலைத் தொட்டுக் கட்டுப் போடுகிறார். வேற்று மனிதர் தொட்டால் ஸ்நானம் செய்ய வேண்டும். ஆகவே அவர் சைக்கிள் மணி சந்து முனையில் மறைந்ததும், மாமியார் கிணற்றடியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மட்டும் துவைக்கிற கல்மேல் நீட்டிக்கொண்டு, தலையில் ஜலம் விட்டுக்கொள்வார். கால் நனையவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஈரம் தட்டினால், மேல் கட்டை அவிழ்த்துவிட்டு, கொடியில் யாரும் தொடாமல் உலர்ந்த மடித்துணியைச் சுற்றிக்கொள்வார். அதைவிடச் சுத்தமான துணி உலகத்தில் ஏது?

மறுநாள் பொன்னுசாமி குனிந்து பார்ப்பார்.

"இன்னாம்மா இது, உள்ள பஞ்சு சொதசொதன்னு கீது? நான் கட்றதும் நீ குளிக்கிறதும், யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயமா?"

மாமியார் சுவரைப் பார்த்துக்கொள்வார். இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? கட்டுப் போடாமல் இருந்திருந்தால் அவர் குளிக்கவே வேண்டியதில்லை. அதை நினைத்து எனக்குத் தலை சுற்றியது. இப்போதும் சுற்றுகிறது.

புறங்கால் வீங்கிச் சிவந்தது. ஜுரம் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிவப்பு கணுக்காலைத் தாண்டினால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் உத்தரத்தை வெறித்துக்கொண்டு நின்றார். அப்போது நான், யோசிக்காமல், "நான் கட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். பல்லியைக் கண்டால் அலறுகிறவள்.

மறுநாள் முதல் நான் குளித்து, மடிப் புடவை கட்டிக்கொண்டு உட்காருவேன். மாமியார் காலை என் மடியில் வைப்பார். பொன்னுசாமி ரேழியில் நின்றபடி சொல்லுவார். "கைய கழுவிட்ட இல்ல? இனிமே எதையும் தொடாத. மூக்கு அரிச்சாலும் தொடாத." அதே சமயம் இந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "குளிச்சுட்டு வந்திருக்கே, எதையும் தொட்டுடாதே" என்பார். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். காரணம் வேறு. யாருக்காக நான் அரித்த மூக்கைத் தொடாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

துணியை எதில் கொதிக்க வைப்பது என்று ஒரு வாதம். கடையில் வாங்கிய பஞ்சை யார் யார் தொட்டார்களோ என்று இன்னொன்று. லைசால் கரைத்த தண்ணீரில் கை விட்டால் மடி போய்விடுமா? மாமியார் நெடுநேரம் யோசித்து, மருந்துக்குத் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இனிக் குளிக்கக் காரணம் இல்லாததால் உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளச் சம்மதித்தார். சிவப்பு கணுக்காலுக்குக் கீழேயே நின்றது.

சற்று மூச்சு விட்டோம். அதற்குள் ஒரு காலையில் நான் கொல்லை அறையில் ஒதுங்கி உட்கார வேண்டிய நாள் வந்துவிட்டது. சொல்லாமல் கட்டிவிடலாமா? சொன்னால் பொன்னுசாமி தொடுவார், அவர் தொட்டால் குளியல், குளித்தால் கால் போய்விடும். சொல்லாவிட்டால் பாவம். கிணற்றடியில் நின்று நான் குழம்பிய குழப்பம் சொல்லி முடியாது. கடைசியில் கூடத்துக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டேன்.

மாமியார் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்கு என்ன தெரியும் அதெல்லாம்? ஸ்நானம் பண்ணிட்டு வா. வந்து கட்டு."

கட்டினேன். அதற்குப் பிறகு, தீட்டுப் பட்டும் அவர் குளிக்கவும் இல்லை, பூஜை அறைப் பக்கம் போகவும் இல்லை. நான் வீட்டுக்குள் வருகிற நாள் வரையில் வெறும் மோரும் கஞ்சியும்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலுக்குப் பயந்து அப்படிச் செய்தாரா, என்மேல் இருந்த பிரியத்தாலா? கேட்கத் துணியவில்லை.

புண் ஆறியது. மருந்தால் என்றார் டாக்டர். பொன்னுசாமி, "ஜலம் படாததால" என்று எங்கள் பாஷையில் பேசிக் காட்டிச் சிரித்தார். மாமியார் குளித்து, மடி கட்டி, பழையபடி ஆனார். காப்பி கொண்டுபோன என்னிடம், "தள்ளி நில்லுடி, மேலே பட்டுடப் போறே" என்றார். நான் தள்ளி நின்றேன். அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார், இரண்டு காலோடும். சந்து வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டோம். இந்த வீட்டில் கொடியில் காயும் துணியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. வா என்று பக்கத்தில் கூப்பிடவும் அவசியமில்லாமல் போய்விட்டது. நல்லதுதான். நல்லதுதானே?